பழைய மோட்டார் சைக்கிளும் பதினாறு பல்லும்

ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வயதாகிவிட்டது என்பதை எதை வைத்துச் சொல்வது?

சர்க்கார் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்கிறது. 15 ஆண்டு முடிந்துவிட்டதா என்று கேட்கிறது. வண்டியை ஓட்டுகிறவர் பார்க்க வேண்டிய இடம் வேறு. என்ஜினை ஒட்டி, ஒரு மூடிக்குள், உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்புச் சக்கரம் இருக்கிறது. அதைச் சுற்றிலும் பற்கள். அந்தப் பற்களில்தான் செயின் மாட்டியிருக்கிறது. மெக்கானிக்குகள் அதை "பிரண்ட் ஸ்பிராக்கெட்" என்பார்கள். முன் பல்சக்கரம் என்று வைத்துக் கொள்ளலாம்.

என்ஜினின் பலம் முழுவதும் அந்தச் சின்னச் சக்கரத்தின் வழியாகத்தான் பின் டயருக்குப் போகிறது. பல் தேய்ந்தால் செயின் தாவும். செயின் தாவினால் வண்டி வெட்டி வெட்டி ஓடும். கடைசியில் ஒரு நாள் செயின் அறுந்து போகும். அறுந்த செயின் பின் சக்கரத்தில் சிக்கிக் கொண்டால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். பின்னால் மனைவியும் குழந்தையும் உட்கார்ந்திருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும்?

பால்காரருக்கும் மீன் வியாபாரிக்கும் ஊர் ஊராகத் துணி விற்பவருக்கும் மோட்டார் சைக்கிள் பிழைப்புக்கு வழி. புது வண்டி வாங்கக் கையில் பணம் இல்லை. இருக்கிற வண்டி இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்பதே அவர்கள் வீட்டுப் பேச்சு.

கட்டணம் ஏறியது, வரி இறங்கியது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த மோட்டார் சைக்கிளின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தால் 5 ஆண்டு ஓட்டலாம்.

2022-ஆம் ஆண்டு மார்ச் வரை இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 300 ரூபாய். அந்த ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அது ஆயிரம் ரூபாய் ஆயிற்று. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மறுபடியும் ஏறியது. 20 ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளுக்கு 2 ஆயிரம் ரூபாய் என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. பழைய வண்டிகளை உடைத்துப் பழைய இரும்பாக்கும் திட்டம் அதற்கு முன்பே, 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி, தொடங்கப்பட்டிருந்தது.

டெல்லியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கு பங்க்கில் பெட்ரோல் கிடையாது என்று 2025-ஆம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி உத்தரவு அமலுக்கு வந்தது. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். சில நாட்களிலேயே அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது.

இதெல்லாம் ஒரு பக்கம். மறு பக்கத்தில் வேறொன்று நடந்தது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் ஜி.எஸ்.டி. வரி மாற்றப்பட்டது. 350 சி.சி. வரை உள்ள மோட்டார் சைக்கிளுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி விலை குறைகிறது என்று எல்லோரும் பேசினார்கள். அதே நாளில் வண்டியின் உதிரி பாகங்களுக்கும் ஒரே அளவாக 18 சதவீத வரி வந்தது. அதுவரை பெரும்பாலான பாகங்களுக்கு 28 சதவீதம். இதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு இல்லை. வரி சேர்க்காமல் ஆயிரம் ரூபாய் விலையுள்ள சாமானுக்கு முன்பு 280 ரூபாய் வரி. பிறகு 180 ரூபாய். பழைய வண்டிக்காரருக்கு மிச்சம் 100 ரூபாய்!

ஆக, ஒரு கை கட்டணத்தை ஏற்றியது. ஒரு கை வரியை இறக்கியது. இரண்டு கைகளும் சேர்ந்து ஒன்றைத்தான் செய்கின்றன: புதியதா, பழையதா என்ற கேள்வியைக் குடும்பத்தின் முன்னால் வைக்கின்றன.

அதற்குப் பதில் சொல்வது வண்டியின் வயது அல்ல. சாமான் கிடைக்கிறதா, கிடைத்தால் அதை ஒழுங்காக மாட்டுகிறார்களா என்பதுதான் பதில். முன் பல்சக்கரத்தை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

திருவொற்றியூர் வண்டி

பழைய வண்டி என்றால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது புல்லட். அது இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி. 1955-ஆம் ஆண்டு, ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் 350 சி.சி. புல்லட்டுகள் போயின.

பிறகு நடந்தது விசித்திரம். 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே படுத்துவிட்டது. திருவொற்றியூரில் மட்டும் வண்டி வந்துகொண்டே இருந்தது. 1977-ல் இங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆயிற்று! தாய் வீடு மூடிவிட்டது. மகள் சீர் அனுப்பினாள். 1994-ல் ஐஷர் குழுமம் கம்பெனியை எடுத்துக் கொண்டது.

பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட் பல பத்தாண்டு காலம் பெரிய மாறுதல் இல்லாமல் வந்தது. அதனால்தான் 30 ஆண்டு, 40 ஆண்டு ஆன புல்லட்டுக்கும் சென்னை புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலும் சாமான் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஒரு மாடல் மாற்றியிருந்தால் கிடைத்திருக்குமா? அந்தப் பழைய வண்டிகள் இன்றும் ஓடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பதினாறும் முப்பத்தெட்டும்

பழைய 350 சி.சி. புல்லட்டில் முன் பல்சக்கரத்துக்கு 16 பல். பின் பல்சக்கரத்துக்கு 38 பல். முன் சக்கரம் ஏறக்குறைய இரண்டேகால் சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்.

அப்படியானால் முன் பல் ஒவ்வொன்றும், பின் பல்லைவிட இரண்டு மடங்குக்கு மேல் செயினிடம் அடி வாங்குகிறது. முன் பல்சக்கரம் சீக்கிரம் தேய்வது இதனால்தான். தேய்ந்த பல் முன்போல் நேராக நிற்காது. ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி போல வளைந்துவிடும். சுறா மீனின் துடுப்பைப் போல இருக்கும்.

செயினும் நீளும். இரும்பு எப்படி நீளும் என்று கேட்கலாம். இரும்பு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஊசி தேய்கிறது. ஒரு கண்ணியில் தலைமுடி அளவு தேய்ந்தாலும், நூறு கண்ணியில் சேரும்போது செயின் நீண்டதாகத் தெரிகிறது. நீண்ட செயின் பல்லின் அடியில் உட்காராமல் நுனியில் ஏறி உட்காரும். பல் இன்னும் வேகமாகத் தேயும்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். என்ஜினை நிறுத்திவிட வேண்டும். வண்டியை நடு ஸ்டாண்டில் போட வேண்டும். பின் பல்சக்கரத்தின் பின்புறத்தில், நடு மட்டத்தில், செயினைக் கையால் பின்னோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். செயின் பல்லைவிட்டு அகன்று பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின் ஆயுள் முடிந்தது. முன் பல்சக்கரத்தின் நிலை மூடியைக் கழற்றினால்தான் தெரியும். பெரும்பாலும் யாரும் கழற்றுவதில்லை.

அரைகுறை வேலை

வண்டி பட்டறைக்குப் போகிறது. "செயின் போய்விட்டது, புதுச் செயின் போட்டுவிடலாம்" என்கிறார் மெக்கானிக். செலவு குறைவு என்று வண்டிக்காரரும் தலையாட்டுகிறார். முன் பல்சக்கரத்தை யாரும் தொடுவதில்லை.

கொக்கியாக வளைந்த பழைய பல்லில் புதுச் செயின் ஓடுகிறது. புதுச் செயினின் கண்ணி அளவு சரியாக இருக்கிறது. பல்லின் அளவு சரியாக இல்லை. சில மாதத்தில் புதுச் செயினும் பழைய செயின் ஆகிவிடுகிறது. மறுபடியும் செலவு. "இப்போது வருகிற சாமானே சரியில்லை" என்று கடைக்காரருக்குத் திட்டு. செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம் மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே முறை.

பழைய புல்லட்டில் இந்த அரைகுறை வேலைக்கு ஒரு காரணம் உண்டு. அந்த வண்டியில் முன் பல்சக்கரம் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இடப்பக்க ஆயிலை வடிக்க வேண்டும். வெளி மூடியைக் கழற்ற வேண்டும். உள்ளே இருக்கும் பிரைமரி செயினையும் கிளட்சையும் எடுக்க வேண்டும். உள் மூடியையும் எடுத்த பிறகுதான் பல்சக்கரம் கண்ணுக்குத் தெரியும். சாமான் விலை கொஞ்சம். கூலி அதிகம். பின் பல்சக்கரத்திலும் தொல்லை உண்டு. அது பிரேக் டிரம்மோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. பல் தேய்ந்தால் டிரம்மையே மாற்ற வேண்டும்.

மற்றப் பல வண்டிகளில் வேலை சுலபம். இடப்பக்கச் சிறு மூடியை எடுத்தால் பல்சக்கரம் எதிரே நிற்கும். அப்படியிருந்தும் அந்த வண்டிகளிலும் பல்சக்கரத்தைப் பார்க்காமல் விடுவதற்கு அலட்சியம் தவிர வேறு பெயர் இல்லை.

மாட்டும் விதம்

முதல் வேலை, சரியான சக்கரத்தை வாங்குவது. பழையதைக் கையில் எடுத்துப் போய் "இதே மாதிரி கொடு" என்று கேட்பது வழக்கம். பழைய வண்டியில் இது ஏமாற்றும். முன்பு வைத்திருந்தவர் பல் எண்ணிக்கையை மாற்றியிருக்கலாம். வண்டியின் கையேட்டில் எத்தனை பல் என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்த்துக் கொள்ள வேண்டும். பல் எண்ணிக்கை மட்டும் போதாது. செயின் கண்ணியின் அளவு ஒத்துப் போக வேண்டும். தண்டில் நுழையும் வரிப்பள்ளம் ஆட்டமில்லாமல் பொருந்த வேண்டும். சக்கரத்தின் நடுப்பகுதி எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்பதும் பொருந்த வேண்டும். அந்தத் தூக்கல் மாறினால் முன்னும் பின்னும் ஒரே கோட்டில் நிற்காது. செயின் கோணலாக ஓடிப் பல்லின் பக்கவாட்டைத் தின்றுவிடும்.

கழற்றும்போதுதான் பெரும்பாலான சேதம் நடக்கிறது. பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டு மிகவும் இறுக்கமாக இருக்கும். அதைச் செயின் மாட்டியிருக்கும்போதே தளர்த்த வேண்டும். ஒருவர் பின் பிரேக்கை மிதித்துக் கொண்டால் பல்சக்கரம் சுற்றாது. செயினை முதலில் கழற்றிவிட்டால் பிடிமானம் போய்விடும். பிறகு பல்லுக்கும் அலுமினியப் பெட்டிக்கும் நடுவே ஸ்குரு டிரைவரைச் சொருகி நெம்புவார்கள். சில நூறு ரூபாய்ச் சாமானுக்காகப் பெட்டியே உடையும்! உளியையும் சுத்தியையும் வைத்து நட்டை அடிப்பது இன்னொரு பட்டறை வழக்கம். அது மரையைக் கெடுக்கும். நட்டு எந்தப் பக்கம் சுற்றினால் கழலும் என்பதும் எல்லா வண்டிக்கும் ஒன்று அல்ல. கையேட்டைப் பார்க்காமல் பலத்தைக் காட்டக் கூடாது.

சக்கரம் வெளியே வந்ததும் தண்டைத் துடைத்துப் பார்க்க வேண்டும். ஆயில் கசிந்த தடம் இருந்தால் ஆயில் சீல் போய்விட்டது என்று அர்த்தம். சீல் விலை மலிவு. அதற்காக மறுபடி இவ்வளவையும் கழற்றுவதுதான் செலவு. இப்போதே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

புதுச் சக்கரத்தை மாட்டும்போது எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்று பார்த்து மாட்ட வேண்டும். சில வண்டிகளில் நட்டு கழலாமல் இருக்க லாக் வாஷர் இருக்கும். அதன் ஓரத்தை நட்டின் மேல் மடக்கிவிடுவார்கள். ஒரு முறை மடக்கிய வாஷரை நிமிர்த்தி மறுபடி மடக்கினால் முறிந்துவிடும். புது வாஷர் போட வேண்டும். நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும்.

செயினை மாட்டிய பிறகு தளர்ச்சி பார்க்க வேண்டும். பொதுவாக நடுவில் 2 முதல் 3 சென்டிமீட்டர் மேலும் கீழும் ஆட வேண்டும். வண்டிக்கு வண்டி இது கொஞ்சம் மாறும். பின் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, செயின் எங்கே அதிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே அளக்க வேண்டும். வீணைத் தந்தி மாதிரி இறுக்குவதைத் திறமை என்று சிலர் நினைக்கிறார்கள். வண்டியில் ஆள் ஏறி உட்கார்ந்ததும் அந்தச் செயின் இன்னும் இறுகும். கியர் பெட்டியின் பேரிங் பாழாகும்.

ஒரு பல் கூடினால்

"16 பல்லுக்குப் பதில் 17 போட்டால் வண்டி பறக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பல் கூடினால், என்ஜின் அதே வேகத்தில் சுற்றும்போது வண்டி நூற்றுக்கு ஆறு பங்கு அதிக தூரம் போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டி சுமார் 64-ல் போகும். இழுக்கும் பலம் அதே அளவுக்குக் குறையும்.

நெடுஞ்சாலையில் தனி ஆளாகப் போகிறவருக்கு இதில் கொஞ்சம் லாபம் உண்டு. என்ஜின் அலட்டிக் கொள்ளாமல் ஓடும். இரண்டு பால் கேன்களைக் கட்டிக் கொண்டு சந்து சந்தாக நின்று நின்று போகிறவருக்கு இது நஷ்டம். ஒவ்வொரு தடவையும் கிளட்சைத் தேய்த்துத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்ற பேச்சு அவர் விஷயத்தில் பலிக்காது. குடும்பத்தோடு போகும் வண்டிக்கு, கம்பெனி வைத்த பல்லே போதும். கியர் பெட்டியிலிருந்து வேகமானி ஓடும் வண்டிகளில் பல் மாறினால் வேகமானி பொய் சொல்லும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

போலியும் உரிமையும்

சாமான் கிடைக்கிறது என்பதாலேயே நல்ல சாமான் கிடைக்கிறது என்று ஆகாது. பல்சக்கரத்துக்குப் பல்லின் மேல்பகுதி கடினமாக இருக்க வேண்டும். அதற்கு இரும்பைப் பக்குவமாகச் சூடேற்றிக் குளிர வைக்க வேண்டும். போலிச் சாமானில் அந்தப் பக்குவம் இருக்காது. பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் பல் மழுங்கிவிடும். பிறர் கம்பெனியின் வணிகச் சின்னத்தைப் போலியாகப் போட்டாலும், அப்படிப்பட்ட சாமானை விற்றாலும், 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் கடுமைதான். பில் வாங்காதவர் எதைக் காட்டிப் புகார் செய்வார்?

இந்த இடத்தில் மத்திய சர்க்கார் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். பொருளை வாங்கியவருக்கு அதைப் பழுது பார்த்துக் கொள்ளும் உரிமை உண்டு என்ற பேச்சு 2022-ஆம் ஆண்டு ஜூலையில் எழுந்தது. நுகர்வோர் நலத் துறை ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன் போன்றவை, வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கையும் குழு எடுத்துக் கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி இதற்காக இணையத்தில் ஒரு தளம் திறக்கப்பட்டது. கையேடு, உதிரி பாகம், பழுது பார்க்கும் இடம் ஆகிய விவரங்களைக் கம்பெனிகள் அதில் கொடுக்கலாம்.

ஆனால் விவரம் கொடுப்பது வேறு. பழைய மாடலுக்குச் சாமானைத் தொடர்ந்து செய்வது வேறு. விற்பனை நின்ற மாடலுக்கு இத்தனை ஆண்டு வரை சாமான் செய்தே தீர வேண்டும் என்று ஒரு கண்டிப்பு இருந்தால், 2 ஆயிரம் ரூபாய் கட்டிப் பதிவைப் புதுப்பிக்கிற ஏழைக்கு அந்தப் பணத்துக்குப் பலன் உண்டு. புதுப்பித்துக் கொடுத்துவிட்டுச் சாமானுக்கு வழி சொல்லாமல் விட்டால், வண்டி ரோட்டில்தான் நிற்கும். அல்லது போலிச் சாமானில் ஓடும். இரண்டில் பின்னது மோசம்.

சேலையும் விரலும்

வேலை முடிந்ததும் கவனிக்க வேண்டியது செயின் கவர். "அப்புறம் மாட்டிக் கொள்ளலாம்" என்று மூலையில் போடுவார்கள். அது அப்படியே கிடக்கும். திறந்த செயினில் சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சிக்கி உயிர் போன விபத்துகள் கொஞ்சமா? பின்னால் உட்காருகிறவரின் துணி சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி சொல்கிறது. கவரையும் சேலைத் தடுப்பையும் மாட்டிய பிறகே கூலி கொடுக்க வேண்டும்.

என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினைத் துணியால் துடைப்பது இன்னொரு ஆபத்து. துணியைப் பல் இழுக்கும். துணியோடு விரலையும் இழுக்கும். என்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, பின் சக்கரத்தைக் கையால் மெள்ளச் சுற்றித்தான் துடைக்க வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடவே கூடாது.

புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்றுத் தளரும். அது கோளாறு அல்ல. ஒரு தடவை பட்டறைக்குப் போய்த் தளர்ச்சியைச் சரி செய்து, பல்சக்கரத்து நட்டையும் பார்த்துக் கொண்டு வர வேண்டும். அதன் பிறகு 500 கிலோமீட்டருக்கு ஒரு முறையும், மழையில் ஓட்டிய மறுநாளும் செயினுக்கு எண்ணெய் விட்டால் போதும்.